பெயருக்கு விலை, மரத்துக்குச் சான்ட் பேப்பர்

‘கியூ’ என்று சொன்னால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது 2022. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாட்கணக்காக நின்ற வரிசை. நாங்கள் இங்கே கதைக்கப்போகிற கியூ அதில்லை. பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் மேசைகளில் பந்தை அடிக்கிற தடி. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், பிரெஞ்சில் ‘வால்’ என்ற சொல். முந்தின காலத்தில் பந்தைத் தள்ளப் பாவித்தது ‘மேஸ்’ என்கிற, நுனியில் தட்டைக் கட்டை வைத்த தடி. பந்து மேசை விளிம்போடு ஒட்டி நின்றால் அந்தக் கட்டையால் அடிக்க ஏலாது. தடியைத் திருப்பிப் பிடித்து அதன் வாலால் அடித்தார்கள். வால் பிறகு தனித் தடியாகிவிட்டது.

இந்தத் தடியைப் பற்றி இப்ப ஏன் எழுதுகிறோம் என்றால், ஒரு மாமாவின் கதை இருக்கிறது.

எங்கள் தோழர் ஒருவரின் மாமா ஸ்காபரோவில் இருக்கிறார். போன புதிதில் இரவு வேலை முடிந்து, ஆறு பேர் படுக்கிற பேஸ்மென்றுக்குத் திரும்ப மனமில்லாத பெடியள் கூடி நின்ற இடம் பூல் ஹோல். அங்கே பிடித்த தடியை மாமா இன்னும் விடவில்லை. சில வருடங்களுக்கு முன், இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு பழைய கியூவை இருபது டொலருக்கு வாங்கினார். கறுத்துப்போன வார்னிஷ், கைபிடியில் நைந்த நூற்சுற்று, மேப்பிள் மரத்துக்குள் ஏறி நிற்கிற நாலு கூர்முனைகள், அடியில் ஒரு வெள்ளை வளையம். பெயர் எதுவும் இல்லை. பழைய கியூ வாங்கி விற்கிற ஒருவருக்குப் படம் அனுப்பினார். “ஆர் செய்தது எண்டு தெரியாட்டி விலை சொல்லேலாது. வார்னிஷை எடுத்துப் பாருங்கோ, கீழ ஏதும் பெயர் இருக்கும்” என்ற கணக்கில் பதில் வந்தது. மாமா அதைத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தார். அவர் கடைசல் மெசினில் ஏற்றி, சான்ட் பேப்பர் பிடித்து, வார்னிஷ் முழுவதையும் எடுத்து, பழைய நூலை வெட்டி எறிந்து, புது நூல் சுற்றி, கண்ணாடிமாதிரிப் பளபளக்கத் திருப்பித் தந்தார்.

பெயர் கிடைக்கவில்லை. மாமா திரும்பவும் படம் அனுப்பினார். இந்தமுறை பதில்: இப்பிடிச் செய்திருக்கக் கூடாது, இனி இது பழசு என்பதற்கே அத்தாட்சி இல்லை.

“அப்ப முதல் என்னத்துக்கு எடுக்கச் சொன்னவன்?” என்று மாமா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த வியாபாரியில் மட்டும் முடிகிற விசயம் இல்லை. பழைய கியூ சேகரிக்கிற உலகமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே ‘இனங்காணல்’ என்றால் பெயரைக் கண்டுபிடிப்பது. பெயர் கிடைத்தால் அது பொக்கிஷம், கிடைக்காட்டி அது தடி. எங்களுக்கு இதில் சண்டை இருக்கிறது.

அந்த உலகம் பெரும்பாலும் அமெரிக்க உலகம். அங்கே ஒரு கடவுளும் உண்டு: ஜோர்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்கு வந்து, நியூயோர்க்கில் மரவேலை செய்து பிழைத்து, 1959இல் கியூ செய்யத் தொடங்கி, 1975இல் இறந்துபோனவர். வயலினுக்கு ஸ்ட்ராடிவேரியஸ் என்றால் கியூவுக்குப் பலபுஷ்கா என்று சொல்லாத சேகரிப்பாளர் இல்லை. அவர் கைபட்ட ஒரு தடியின் விலையில் இங்கே ஒரு கார் வாங்கலாம்.

ஆனால் ஒரு பலபுஷ்காவைப் பார்த்ததும் கண்ணை இழுப்பது எது? அந்தக் கூர்முனைகள். கறுத்த மரம் ஈட்டிபோல வெளிர் மரத்துக்குள் ஏற, அதன் ஓரங்களில் நிறநிறமாக மெல்லிய பலகைக் கோடுகள் ஓடுகிற அழகு. அவரது ஆரம்பகாலக் கியூக்களில் அந்த அழகைச் செய்தவர் பலபுஷ்கா இல்லை. பிரன்ஸ்விக் கம்பனியின் ‘டைட்லிஸ்ட்’ என்கிற கியூவை வாங்கி, அதன் அடிப்பாகத்தை எடுத்துத்தான் அவர் தன்னுடையதைச் செய்தார். டைட்லிஸ்ட் ஒன்றும் அபூர்வமான சாமான் இல்லை. அமெரிக்கப் பூல் ஹோல்களில் சுவர்த் தாங்கியில் வரிசையாகக் குத்தி நின்ற, வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்து விளையாடிய பொதுக் கியூ. பிற்காலத்தில் சிகாகோவின் பேர்ட்டன் ஸ்பெயின் என்பவரும், அதன்பிறகு பென்சில்வேனியாவின் கஸ் சம்போட்டியும் அவருக்கு அந்த அடிப்பாகங்களைச் செய்து கொடுத்தார்கள்.

பலபுஷ்காவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. உருக்கு மூட்டை அவர் பொருத்திய துல்லியம், தடியின் நிறையைக் கையில் நிறுத்திய விதம், முன்பாதியைச் சீவிய சரிவு எல்லாம் அவருடைய வேலை. நல்ல வேலை. ஆனால் டைட்லிஸ்டின் நாலு பல்லையும் அறுத்து, பசை பூசி, கவ்வியில் இறுக்கிக் காயவிட்ட தொழிற்சாலைத் தொழிலாளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதே ஆளின் அதே வேலை, பலபுஷ்காவின் கைபட்ட தடியில் இருந்தால் பல்லாயிரம் டொலர். சுவரில் தொங்கிய தடியிலேயே இருந்துவிட்டால் அதில் ஒரு சிறு பங்கு. மரம் ஒன்று, பிணைப்பு ஒன்று. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி பெயருக்கு.

அந்த டைட்லிஸ்டிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது, அது இன்னும் பகிடி. வில்லி ஹோப். 1887இல் பிறந்து 1959இல் இறந்த பெரிய சம்பியன். ஆனால் அவர் புகழ் பெற்றது பூலில் இல்லை, குழியே இல்லாத மேசையில் ஆடுகிற கேரம் பில்லியர்ட்ஸில். பூல் ஹோல் தடியில் அவருடைய பெயர் ஏன் என்றால், கிரிக்கெட் பட்டில் நட்சத்திரத்தின் கையெழுத்து ஏன் இருக்கிறதோ அதுக்குத்தான். மாமாவின் கியூவில் இருந்த வெள்ளை வளையத்துக்கும் இன்றுவரை ‘ஹோப் வளையம்’ என்றுதான் பெயர். மற்றவர்களும் அதை வைத்தார்கள். வளையம் இருக்கிறதாலே அது ஹோப் கியூ ஆகிவிடாது.

1986இல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘த கலர் ஒஃப் மணி’ வந்தது. அதில் போல் நியூமன் டொம் குரூஸிடம் ஒரு பலபுஷ்காவைக் கொடுப்பார். படம் பார்த்த சனத்துக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரியவந்தது. உண்மையில் குரூஸின் கையில் இருந்தது ஜொஸ் என்கிற கம்பனி செய்த கியூ. அசலைக் கொண்டுவந்து படப்பிடிப்பில் முறித்துப்போட்டால் என்ன செய்வது? ஆக, உலகத்திலேயே ஆகப் பிரபலமான பலபுஷ்கா ஒரு பலபுஷ்காவே இல்லை. படத்துக்குப் பிறகு போலிகளும் பெருகின. பெயருக்கு மட்டும் விலை வைத்தால் சந்தை பெயரைத்தானே உற்பத்தி செய்யும்? இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

சரி, பெயரைத் தேடாமல் ஒரு கியூவை எப்படி இனங்காண்பது? இதுதான் எங்களுக்கு உண்மையில் பிடித்த பகுதி.

மரம் மரத்தோடு சேருகிற இடத்தைப் பாருங்கோ. டைட்லிஸ்ட் போன்றவற்றில் இருப்பது முழுப் பிணைப்பு. அடியின் கறுத்த மரத்தைப் பற்களாக அறுத்து, மேப்பிளையும் அதேமாதிரி அறுத்து, இரண்டு கை விரல்களைக் கோர்க்கிறதுபோல ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி ஒட்டுவது. அப்படிச் செய்த தடியில் கைபிடிக்குக் கீழே தனியாகத் திருகிச் சேர்த்த மூட்டு இராது. மற்றது அரைப் பிணைப்பு. மேப்பிள் துண்டில் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி, நிற மரத்தை அதற்குள் ஒட்டி, பிறகு அந்தத் துண்டைக் கைபிடித் துண்டோடு சேர்ப்பது. சேர்த்த இடம் நூற்சுற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். நூலை வெட்டி எறிய முதல் ஒருதரம் நின்று யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முனையின் கூரையும் பார்க்கவேணும். ‘வி’ பள்ளமும் முழுப் பிணைப்பும் ஊசிமாதிரிக் கூராக முடியும். சுழலும் கத்தியால் மெசின் குடைந்த பள்ளத்தின் நுனி கொஞ்சம் உருண்டிருக்கும், ஏனென்றால் வட்டமாகச் சுற்றுகிற கத்தி கூர் மூலைக்குள் போகாது. உருண்ட முனையோடு ஒரு தடியை 1950களின் டைட்லிஸ்ட் அடிப்பாகம் என்று ஒருவர் விற்க வந்தால், கும்பிட்டுப்போட்டு வாங்கோ. நாலு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்பது அடுத்தது. கடையும்போது மரம் நடுவிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தாலும் ஒரு முனை நீண்டு மற்றது குட்டையாகிவிடும். பழைய தொழிற்சாலைக் கியூக்களில் அந்த ஏற்ற இறக்கம் உண்டு. வியாபாரிகள் அதைக் குறை என்று சொல்லுவார்கள். அந்தப் பெயரில்லாத தொழிலாளியின் கையெழுத்து என்று நாங்கள் சொல்லுவோம்.

ஸ்டிக்கர் இருந்தால் அதையும் வாசிக்கலாம், ஆனால் கடைசியாக. ‘பிரன்ஸ்விக்-பால்க்-கொலெண்டர்’ என்ற நீட்டுப் பெயரைக் கம்பனி 1960இல் கைவிட்டு வெறும் பிரன்ஸ்விக் ஆகிவிட்டது. ஆகவே நீட்டுப் பெயர் இருந்தால் தடி அதற்கு முந்தினது என்று கணக்குப் போடலாம். ஸ்டிக்கர் அசல் என்றால் மட்டும். அச்சடிக்கிறது பெரிய வித்தையா என்ன?

மரம் பொய் சொல்வது கஷ்டம். நூலுக்குக் கீழே வெளிச்சம் படாத மேப்பிள் வெளிறிக் கிடக்க, வெளியே இருந்த பகுதி தேன் நிறத்துக்குப் போயிருக்கும். கடைந்த காலத்தில் சரியான வட்டமாக இருந்த தடி, வருடக்கணக்கில் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் சுருங்கி, மயிரிழை அளவுக்கு முட்டை வடிவமாகிவிடும். கலிப்பர் பிடித்தால் தெரியும்.

இப்ப மாமாவின் கியூவுக்கு வாருங்கோ. கடைசல் மெசினில் ஏற்றிச் சான்ட் பேப்பர் பிடித்தால் என்ன நடக்கும்? முட்டை வடிவம் திரும்ப வட்டமாகும். தேன் நிறம் தூளாகப் பறக்கும். ‘வி’ பள்ளம் உள்ளே போகப்போக ஒடுங்குவதால், மேலே ஒரு படை எடுத்தாலே முனை குறுகும், உயரம் இறங்கும். நூலோடு அதன் வயசும் போகும். அதாவது, பெயரைத் தேடி மேலே சுரண்டியபோது, பெயர் இல்லாமலேயே அந்தக் கியூவை இனங்காட்டக்கூடிய எல்லாமும் சேர்ந்து போய்விட்டது. புத்தகத்தில் ஆசிரியர் பெயரைக் காணவில்லை என்று உள்ளே எழுதியிருந்ததை எல்லாம் அழித்துப் பார்த்த மாதிரி.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. முழு நீளத்தில் ஒரே துண்டாக இருக்கிற பழைய டைட்லிஸ்டை நடுவால் அறுத்து, மூட்டு வைத்து, புது முன்பாதி பூட்டி, ‘மாற்றிச் செய்த’ கியூ என்று விற்பது. திறமான தொழிலாளிகள் இதைச் செய்கிறார்கள், வாங்குகிறவர்களும் சந்தோஷமாக வாங்குகிறார்கள். “பலபுஷ்காவும் இதைத்தானே செய்தவர், அவர் செய்தால் கலை, நாங்கள் செய்தால் குற்றமோ?” என்று கேட்பார்கள்.

லேசில் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. எங்களுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் நடந்தது. எங்களில் ஒருவருக்கு இன்னும் உடன்பாடில்லை. தடி விளையாடத்தான், மியூசியத்தில் படுக்க இல்லை என்பது அவருடைய கட்சி. மற்றவர்களின் பதில் இது. பலபுஷ்கா அறுத்த காலத்தில் டைட்லிஸ்ட் ஒரு சாதாரணச் சாமான். அன்றைக்கு அது மூலப்பொருள். இன்றைக்கு யாரும் அதைச் செய்வதில்லை, இருக்கிற ஒவ்வொன்றும் எண்ணி முடிக்கக்கூடியது. ஒன்றை அறுத்தால் ஒன்று குறையும். முறிந்துபோனதை, வளைந்து விளையாடவே ஏலாததை எடுத்து மாற்றிச் செய்யட்டும், அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. சுகமாக இருக்கிற தடியை, இரண்டு துண்டானால் கூட விலை போகும் என்பதற்காக அறுப்பதைத்தான் சொல்கிறோம்.

“சந்தை இருக்கிறபடியால்தான் பழசு தப்பியிருக்கிறது, இல்லாட்டி எல்லாம் விறகாகியிருக்கும்” என்பது மற்ற வாதம். பாதி உண்மை. பெயருள்ளதைச் சந்தை காப்பாற்றியது, பெட்டியில் வைத்துப் பூட்டியது. பெயரில்லாததை அதே சந்தைதான் அறுக்கவும் சுரண்டவும் காசு கொடுத்தது. முதல் பாதியை மட்டும் சொல்லி நன்றி எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு விசயத்தையும் சொல்லாமல் விட ஏலாது. பட்டியல்களில் ‘சிலோன் எபனி’ என்று ஒரு மரத்தின் பெயரைக் காண்பீர்கள். எங்கட கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது, தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு பாரம். எல்லாக் கருங்காலிக் கியூவும் எங்கட காட்டில் வெட்டினது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கக் கியூக்களில் கூடுதலாக இருப்பது ஆபிரிக்கக் கருங்காலி. ஆனால் ஒரு நாட்டின் பழைய பெயர் ஒரு மரத்தோடு ஒட்டி விளம்பரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த மரத்தை வெட்டினவர்களும் இழுத்தவர்களும் எந்த விளம்பரத்திலும் இல்லை. தமிழில் வேலைநிறுத்தத்தை முறிக்கிறவனுக்குக் கருங்காலி என்று பெயர் வைத்துவிட்டோம். மரம் ஒரு பாவமும் அறியாது.

அடிப்பாகங்களில் பாவித்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் சர்வதேச வியாபாரத் தடை. யானைத் தந்தத்தில் வளையமும் மூட்டுக் கழுத்தும் செய்த கியூக்களை விற்க அமெரிக்காவில் 2016க்குப் பிறகு கடும் கட்டுப்பாடு. சேகரிப்பாளர்களிடையே இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அது விலை விழுந்த கவலைதான். முந்தின காலத்தில் பந்தே தந்தம். 1860களில் யானை தீர்ந்துபோகும் என்ற பயத்தில், தந்தத்துக்குப் பதிலாக வேறு பொருள் கண்டுபிடிக்கிறவருக்கு 10,000 டொலர் என்று நியூயோர்க்கில் பரிசு அறிவித்தார்கள். அந்தத் தேடலில் ஜோன் வெஸ்லி ஹயட் போய்ச் சேர்ந்த இடம்தான் செலுலொயிட். பிளாஸ்டிக்கின் கதையிலேயே இந்த விளையாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஒரு வெள்ளை வளையம் தந்தமா பிளாஸ்டிக்கா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்: குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டுகிற மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். தந்தம் என்றால் ஒரு யானை செத்திருக்கிறது. அதை எந்தப் பட்டியலும் ‘மூலம்’ என்ற இடத்தில் எழுதுவதில்லை.

இது அமெரிக்காக்காரரின் பொழுதுபோக்கு, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்களுக்கு: 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் எங்கட எம். ஜே. எம். லாஃபீர். மலையகத்துத் துரைமார் கிளப்புகளிலும் கொழும்புக் கிளப்புகளிலும் மேசை இருந்தது, மேசை இருந்த இடத்தில் தடி இருந்தது, தடியைத் துடைத்து வைத்து எண்ணிக்கை போட்ட மார்க்கர்களும் இருந்தார்கள். அந்த இடங்களில் மூலையில் இன்னும் பழைய தடி நிற்கக்கூடும். ஆரும் ‘பழைய சாமான் எடுக்கிறம்’ என்று படியேறி வரமுதல் ஒரு வேலை செய்யலாம். நிறுத்துப் பாருங்கோ, நீளம் அளவுங்கோ, முனைகளையும் மூட்டையும் நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுங்கோ. நைந்திருந்தாலும் நூலில் கைவைக்க வேண்டாம். ஈரமில்லாத துணியால் துடைத்தால் காணும். எந்தக் கிளப், எந்த மூலை, ஆர் பாவித்தது என்று தெரிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. செய்தவர் பெயர் தெரியாட்டி ‘தெரியாது’ என்றே எழுதுங்கோ, ஊகத்தில் ஒரு பெயரைப் போடவேண்டாம்.

மாமாவிடமும் அதைத்தான் சொன்னோம். முதலில் எடுத்த இரண்டு படம் அவருடைய பழைய போனில் இருந்தது. பெருப்பித்துப் பார்த்தால் நாலு முனையில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீட்டு. புதுப் படத்தில் நாலுமே குட்டை. வெட்டி எறிந்த பழைய நூலைத் தேடி அந்தத் திருத்துகிற ஆளிடம் போய்க் கேட்டிருக்கிறார். குப்பையில் போட்டாச்சாம்.

சனிக்கிழமை இரவுகளில் அதே கியூவோடுதான் இப்பவும் போகிறார். புது வார்னிஷ் கையில் ஒட்டுகிறது என்று புறுபுறுத்துக்கொண்டு.